எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட சுறா

உலகத்துக் கடல்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் ஒன்றுக்குப் பாண்டிச்சேரி சுறா என்று பெயர். 2006-இல் அரசாங்கம் ஊரின் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றியது. சுறாவின் பெயரை யாரும் மாற்றவில்லை. அதற்காகப் பேச ஆள் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். 1979-க்குப் பிறகு அதை உறுதியாகப் பார்த்தவர்களே இல்லை.

நான் வைத்திக்குப்பத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அப்பா கட்டுமரம் தள்ளினார், அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றார். எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு டூப்ளே சிலையைக் காட்டுகிறோம், அரிக்கமேட்டைக் காட்டுகிறோம், பாரதியார் இருந்த வீட்டைக் காட்டுகிறோம். இந்தச் சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

கதை 1816-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு பாண்டிச்சேரிக்குப் பொல்லாத காலம். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள், மறுபடி கொடுத்தார்கள். நெப்போலியன் ஆட்டம் முடிந்த பிறகு, 1816 கடைசியில், ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. இனிமேல் படை வைத்துச் சண்டை போட முடியாது என்ற நிலை. ஆனால் செடி வளர்க்கலாம், பூச்சி பிடிக்கலாம், மீனைச் சாராயத்தில் ஊறப்போட்டு ஊருக்கு அனுப்பலாம். அந்த வேலைக்கு அந்த ஆண்டே புறப்பட்டு வந்தவர் லெஷனோ த லா தூர் என்ற தாவரவியலாளர். ஆஸ்திரேலியாவுக்குப் போன போதன் கப்பல் பயணத்தில் பங்கு கொண்டு, ஜாவாவில் சில ஆண்டுகள் சுற்றிவிட்டு வந்த ஆள். இங்கே தாவரத் தோட்டத்துக்கு வித்திட்டார்; சேலம், இலங்கை வரை போய்ச் செடி சேர்த்தார். கூடவே எங்கள் கரையில் இறங்கும் மீன்களையும் விடவில்லை. 1822-இல் அவர் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு அந்த வழக்கத்தை வேறு சிலர் தொடர்ந்தார்கள்.

அப்போது பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குவியே என்ற பெரிய மனிதர் உலகத்து மீன்கள் எல்லாவற்றையும் ஒரே நூலில் அடக்கிவிடுவது என்று உட்கார்ந்திருந்தார். துணைக்கு அவருடைய சீடர் வலன்சியேன். 1828-இல் முதல் தொகுதி வந்தது. குவியே 1832-இல் இறந்துபோனார்; வலன்சியேன் விடாமல் எழுதி 1849-இல் இருபத்திரண்டாவது தொகுதியோடு நிறுத்தினார். அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் பாண்டிச்சேரி, பாண்டிச்சேரி என்று வந்துகொண்டே இருக்கும். லெஷனோ அனுப்பிய மீன், அதற்கு இங்கே மீனவர்கள் சொல்லும் பெயர் என்று எங்கள் குப்பத்துச் சொற்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நசுங்கிக் கிடக்கும்.

எப்படிப் போயின அந்த மீன்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது பாண்டிச்சேரிக்குத் துறைமுகம் கிடையாது. இரும்புப் பாலம் 1866-இல்தான் வந்தது. அதையும் 1952 புயல் கொண்டுபோய்விட்டது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்ப்பது சலங்குதான். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். நீலத்துணிப் பொதி போகிற அதே சலங்கில் மீன் போட்ட சீசாவும் பீப்பாயும் போயிருக்கும். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் ஆடி அசைந்து, பிரான்சில் கரையேறி, அப்புறம் வண்டியில் பாரிஸ்.

அப்படிப் போன ஒன்றுதான் நம் சுறா. 47 சென்டிமீட்டர் நீளம், ஆண், பருவம் வராத குட்டி. என் முழங்கைக்குச் சற்று அதிகம். பெரிய சுறாவைச் சீசாவில் அடைக்க முடியாது. அதனால் குட்டிகளுக்குத்தான் அந்தக் கப்பல் யோகம்.

அதை உலகத்துக்கு அறிவித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்ல, பெர்லின்காரர்கள். யோகான்னஸ் முல்லர், அவருடைய மாணவர் யாக்கோப் ஹென்லே. ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் இருந்த சுறாக்களையும் திருக்கைகளையும் பார்த்துப் பார்த்து 1838-லிருந்து 1841 வரை பகுதி பகுதியாக ஒரு நூல் வெளியிட்டார்கள். 1839-இல் வந்த பகுதியில் நம் சுறா இருக்கிறது. கூடவே ஜாவாவிலிருந்து வந்த சுறாக்களும். பல்லின் அமைப்பை வைத்து ஹெமியோடான் என்று இனப்பெயர் சூட்டினார்கள். வலன்சியேன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பெயர் அது. பிடித்த மீனவர் பெயர் எங்கும் இல்லை. இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஹென்லே என்றதும் பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஏதோ பொறி தட்டியிருக்கும். சிறுநீரகத்தில் ஹென்லே வளைவு என்று படம் போட்டுப் பாகம் குறித்து ஐந்து மார்க் வாங்கினோமே, அதே ஹென்லேதான். சுறாவைத் தொட்ட கை பின்னாளில் சிறுநீரகத்தைத் தொட்டது. இதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. ஏனென்றால் சுறாவின் உடம்பில் பெரிய சூட்சுமமே யூரியாதான். நாம் சிறுநீரில் வெளியே தள்ளுகிற அந்தச் சரக்கைச் சுறா ரத்தத்திலும் சதையிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கடலின் உப்புக்கு ஈடாக உடம்புக்குள்ளும் கரைபொருள் இருந்தால்தான் உடம்புத் தண்ணீர் வெளியே போகாமல் நிற்கும். செத்த பிறகு கிருமிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக்கும். அதுதான் பழைய சுறாவிடம் மூக்கைத் துளைக்கும் நெடி.

எங்கள் அம்மாவுக்கு யூரியா தெரியாது, பரிகாரம் தெரியும். சுறாவைத் துண்டு போட்டு மஞ்சள்தூளோடு கொதிக்க வைப்பார். வெந்ததும் தோல் தானாக வழண்டுவரும். மணல்தாள் போன்ற அந்தத் தோலை உரித்து, சதையைக் கையால் பிழிந்து தண்ணீரை முழுக்க எடுத்துவிடுவார். அந்தத் தண்ணீரோடு நெடியும் போய்விடும். பிறகு உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சைமிளகாயும் அள்ளிப்போட்டு வதக்கினால் புட்டு. அதில் சோம்பு போடலாமா கூடாதா என்று எங்கள் தெருவில் இரண்டு கட்சி உண்டு. நான் சோம்புக் கட்சி.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா கேட்டு வருவார்கள். "இன்னா யக்கா, பெத்தவ வூட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு அம்மா எடையில் ஒன்று கூடவே போடுவார். பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. எப்படியோ, பிள்ளை பெற்றவளுக்குச் சத்தான மாமிசம் போய்ச் சேர்ந்தது.

சுறாவை வெட்டுகிறபோது கூட உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும். வயிற்றைக் கீறினால் முதலில் தெரிவது ஈரல். வெளிர் மஞ்சளாக, இரண்டு மடலாக, வயிற்றை அடைத்துக்கொண்டு கிடக்கும். மற்ற மீன்களுக்கு இருக்கும் காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. இந்த ஈரல் எண்ணெய்தான் அது அமிழ்ந்துபோகாமல் தாங்குகிறது. ஈரலை அம்மா தனியாக எடுத்து வைப்பார். உருக்கின எண்ணெயை மரத்துக்கும் படகுக்கும் பூசுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றபோது சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் எடுத்தது. அதில் வைட்டமின் ஏ அவ்வளவு இருக்கிறது.

ஈரலை எடுத்ததும், பெண் சுறாவாக இருந்தால் சில நாள் குட்டிகள் வரும். ஒன்றன்மேல் ஒன்றாக, தலையும் வாலும் மாறி மாறி அடுக்கினது போல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்து நெஞ்சுத் துடுப்புக்கு நடுவிலிருந்து ஒரு கொடி போகும். "நம்ம மாதிரியேதாண்டா, தொப்புள்கொடி" என்பார் அம்மா. பிறந்து சில நாளே ஆன சுறாக்குட்டியைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு கீறல் தெரியும். ஆறாத தொப்புள் அது.

மீன் முட்டையிடும், பாலூட்டிகள் குட்டி போடும் என்று வகுப்பில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அரிவாள்மணையில் அந்தப் பாடம் பொய்யாகிக் கிடக்கும். சுறாவுக்கு நஞ்சுக்கொடி இருக்கிறது என்பதை அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். மீன் வெட்டுகிறவர்களிடம் கேட்டு எழுதியிருப்பார் என்பது என் ஊகம். பிறகு வந்த பண்டிதர்கள் நூற்றாண்டுக்கணக்கில் அதை நம்பவில்லை. கிழவர் சொன்னது சரிதான் என்று 1840-களின் தொடக்கத்தில் நிரூபித்தவர் யார் தெரியுமா? நம் சுறாவுக்குப் பெயர் வைத்த அதே முல்லர்.

தமிழில் இதற்குச் சான்று தேடி அதிக தூரம் போக வேண்டாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கருக்கொண்ட சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை வைத்துக் கும்பிட்டதைச் சொல்கிறார். கொம்புள்ள சுறா என்றால் அது வேளா. ரம்பம் போல மூக்கு நீண்டது. எனக்கு முக்கியமாகப் படுவது கருக்கொண்ட என்பதுதான். சுறா சூல்கொண்டு குட்டி போடும் என்பது அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதியாக இருந்திருக்கிறது.

சுறா என்றால் ஆளைத் தின்பது என்று 1975-இல் ஒரு அமெரிக்கப் படம் உலகத்துக்கே பாடம் நடத்தியது. எங்கள் அப்பா சுறாவுக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. கரைக்கு வருகிறபோது உடைகிற கடைசி அலைக்குப் பயப்படுவார். பயந்தவர்கள் முத்துக்குளிப்பவர்கள். மன்னார் வளைகுடாவில் சுறாவின் வாயைக் கட்டிப்போட மந்திரக்காரர் வேண்டும். அவருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பின்னால் ஆங்கிலேயர் ஆட்சியிலும் கடல்கட்டி என்ற பெயரில் அந்த உத்தியோகம் நடந்தது. கடல்கட்டி வராமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள் என்பதால் துரைமார்களும் வாயை மூடிக்கொண்டு பங்கு கொடுத்தார்கள்.

பாண்டிச்சேரி சுறா அப்படி யாரையும் பயமுறுத்தும் அளவுக்கு வளர்கிற ஜாதி இல்லை. ஒரு மீட்டர், அதற்குக் கொஞ்சம் மேலே போகலாம் என்கிறார்கள். வளர்ந்ததைப் பார்த்தவர்கள் அபூர்வம். உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாம் சேர்த்து இருபதுக்கும் குறைவான சுறாக்களே இருக்கின்றன, அவற்றிலும் பெரும்பாலானவை குட்டிகள். ஒரு தடவைக்கு எத்தனை குட்டி போடும், எத்தனை வயதில் பருவம் வரும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மற்ற உறவுகளை வைத்துச் சொல்லலாம். இந்தக் குடும்பத்துச் சுறாக்கள் பெரும்பாலும் நிற்காமல் நீந்துகிறவை. வாய்வழி புகும் நீர் செவுள் வழியாகப் போய்க்கொண்டிருந்தால்தான் மூச்சு. மூக்கைச் சுற்றி ஊசியால் குத்தினது போலப் பொட்டுப் பொட்டாகத் துளைகள். இத்தாலிக்காரர் லொரன்சினி 1678-இல் விவரித்தவை அவை. மண்ணுக்குள் புதைந்துகிடக்கும் மீனின் தசை துடித்தால் எழுகிற மிகச் சின்ன மின்சாரத்தைக்கூட அந்தத் துளைகள் வழியாகத் தெரிந்துகொள்ளும். பல் விழுந்தால் பின்வரிசையிலிருந்து அடுத்தது முன்னால் வரும். குட்டிகளைக் கரையோர ஆழமில்லாத நீரில் விட்டுவிடும். பெரிய சுறாக்கள் அங்கே வந்து தின்னாது என்ற கணக்கு.

அந்தக் கணக்கில் மனிதன் சேர்த்தி இல்லை.

அப்பா காலத்து வலை பருத்தி. பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயப்போடுவார்கள். குப்பம் முழுக்க அந்த வாசனைதான். கட்டுமரம் போகிற தூரமும் காற்றைப் பொறுத்தது. பிறகு நைலான் வந்தது. நனைந்தால் கனக்காது, மக்காது, சுறா திமிறினாலும் அறுக்கச் சிரமம். 1960, 70-களில் விசைப்படகும் இழுவலையும் பரவின. இழுவலை கரையோரத் தரையை வாரிக்கொண்டு போகும். குட்டி விடுகிற இடமும் அதுதான். நெத்திலியும் மத்தியும் ஆயிரக்கணக்கில் முட்டை போட்டு ஈடுகட்டும். சுறா பத்து மாதம் ஓராண்டு என்று வயிற்றில் சுமந்து சில குட்டிகள் போடுகிற பிராணி, அதனால் முடியாது. போதாக்குறைக்குப் பீலிக்கு விலை. சிங்கப்பூர், ஹாங்காங் சூப்புக்குப் போகிற துடுப்பு அது. சதை என்ன விலைக்குப் போனாலும் பீலி தனி ஏலம். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு பீலி ஏற்றுமதியைத் தடை செய்தது.

நம் சுறாவின் தடயம் இந்தக் காலத்தில்தான் மங்குகிறது. 1946-இல் பம்பாயில் செட்னா, சாரங்தர் என்ற இரண்டு மீன்வள ஆய்வாளர்கள் ஒரு சுறாவைப் புது இனம் என்று விவரித்தார்கள். பிறகு பார்த்தால் அது இதுவேதான். ஆக, அப்போது மேற்குக் கரையிலும் இருந்திருக்கிறது. 1979 கடைசி. அதற்குப் பிறகு அங்கே பார்த்தோம், இங்கே பார்த்தோம் என்றவர்கள் உண்டு. உறுதியானது ஒன்றும் இல்லை.

2001 டிசம்பரில் இந்திய அரசு இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி, யானைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. கொன்றால் சிறை. நல்ல சட்டம்தான். ஆனால் புலியைப் பார்த்தால் புலி என்று எவருக்கும் தெரியும். இந்தச் சுறாவை வேறு சுறாவிலிருந்து பிரித்துச் சொல்ல ஊரில் எத்தனை பேரால் முடியும்? எங்கள் கரையில் சுறாவைப் பால்சுறா, கொம்பன், புலிச்சுறா என்று பிரிப்பது விலைக்கும் ருசிக்கும். முழங்கை நீளச் சாம்பல் குட்டிகள் எல்லாம் ஒரே கூடை, ஒரே விலை, சுறாக்குட்டி. தடை செய்த மீன் இதில் எது என்று படகுக்காரருக்குக் காட்டிக்கொடுக்காமல் சட்டம் மட்டும் போட்டு என்ன பயன்? மீன் இறங்குதளத்தில் ஒரு வண்ணப்படப் பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்டினார்கள். மணல் வடக்கே வருவது நின்றது; கடற்கரைச் சாலை ஓரம் பாறாங்கல் அடுக்கு வந்தது; எங்கள் குப்பத்தில் கட்டுமரம் ஏற்றி வைத்த மணல் கடலுக்குள் போனது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. இப்போது பெரிய மீன் வரத்து எல்லாம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில்தான். விடியற்காலையில் போனால் வஞ்சிரம், சூரை, பாறை இவற்றுக்கு நடுவே சுறாக்குட்டிகளும் கிடக்கும்.

தேங்காய்த்திட்டிலும் குப்பங்களிலும் மீன் பிடிப்பவர்கள், விற்பவர்கள், விலங்கியல் படிக்கிற பிள்ளைகள், எல்லாரிடமும் ஒரு கோரிக்கை. மேலே சாம்பல், கீழே வெள்ளை, விலாவில் ஒரு வெளிர்க்கோடு, நெஞ்சுத் துடுப்பின் நுனியும் முதுகின் இரண்டாம் துடுப்பும் வாலின் கீழ்மடல் நுனியும் கறுப்பு என்றிருக்கும் சுறாக்குட்டி கிடைத்தால் உடனே கூடையில் போட்டுவிடாதீர்கள். கார்காரினஸ் சொரா என்ற சாதாரணச் சுறாவுக்கும் இதே நிறம்தான். அதனால் மேல் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள். சொராவுக்குப் பல் விளிம்பு முழுக்க ரம்பம். நடுக்கூர் வழவழவென்று மெலிந்து, அடியில் மட்டும் பெரிய பெரிய பற்களாக இருந்தால் அது நம் சுறாவாக இருக்கலாம். உயிரோடு இருந்தால் ஒரு படம் எடுத்துவிட்டுக் கடலில் விட்டுவிடுங்கள். செத்திருந்தால் வெட்டாமல் ஐஸில் வைத்து மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.